கோப்பு திறக்கவில்லையா? தலையையும் வாலையும் பாருங்கள்

கோப்பைத் திறக்க முடியவில்லை என்ற பெட்டி திரையில் வந்ததும் பெரும்பாலானோர் செய்வது மூன்று காரியங்கள். திரும்பத் திரும்பச் சொடுக்குவார்கள். பெயரின் கடைசி எழுத்துகளை மாற்றிப் பார்ப்பார்கள். பிறகு இணையத்தில் முதலில் கண்ணில் படும் 'ரிப்பேர்' மென்பொருளை இறக்கி ஓட விடுவார்கள். மீட்கக்கூடிய நிலையில் இருந்த கோப்பு மீட்க முடியாமல் போவது பெரும்பாலும் இந்த மூன்றாவது காரியத்தில்தான்.

அந்தப் பெட்டி சொல்வதை அப்படியே நம்பவும் வேண்டாம். 'கோப்பு சேதமடைந்துள்ளது' என்று வேர்டு சொன்னால், தான் எதிர்பார்த்த வடிவில் அது இல்லை என்பதற்கு மேல் வேறு பொருள் இல்லை. உள்ளே இருப்பது வேறு வகைக் கோப்பாக இருக்கலாம். பாதி மட்டும் இறங்கியிருக்கலாம். இணையத்திலிருந்து வந்தது என்பதற்காக விண்டோஸ் தடுத்து வைத்திருக்கலாம். உள்ளே ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். இந்த நான்குக்கும் ஒரே மருந்து கிடையாது. எந்த நோய் என்று தெரிந்துகொள்ள, கோப்பின் அளவு, அதன் தலையான முதல் சில பைட்டுகள், வாலான கடைசிச் சில பைட்டுகள் ஆகிய மூன்றைப் பார்த்தாலே பெரும்பாலும் போதும். ஐந்து நிமிட வேலை. காசும் செலவில்லை.

தொடும் முன் நகல்

எந்தச் சோதனையையும் மூலக் கோப்பின் மேல் செய்யாதீர்கள். நகல் எடுத்து, நகலில் செய்யுங்கள். கோப்பு பென்டிரைவிலோ மெமரி கார்டிலோ இருந்தால், நகல் கணினியின் சொந்த டிஸ்க்கில் இருக்கட்டும்.

நகல் எடுக்கும்போதே கணினி உறைந்து நின்றால், அல்லது 'சைக்ளிக் ரிடண்டன்சி செக்' என்று பிழை வந்தால், கோளாறு கோப்பில் இல்லை, டிஸ்க்கில் இருக்கிறது. அங்கேயே நிறுத்துங்கள். இந்த நேரத்தில் பலரும் 'செக் டிஸ்க்' ஓட்டச் சொல்வார்கள். அது கோப்புகளைக் காப்பாற்ற எழுதப்பட்ட நிரல் அல்ல. கோப்பு அமைப்பின் கணக்கைச் சீராக்க எழுதப்பட்டது. கணக்கில் ஒட்டாத துண்டுகளை வெட்டி 'ஃபவுண்ட்.000' என்ற மறைவான அடைவில், 'சிஎச்கே' என்று முடியும் பெயர்களில் போட்டுவிடும். செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கை அது மேலும் உழைக்க வைக்கவும் செய்யும். முதலில் முழு டிஸ்க்கையும் இன்னொரு டிஸ்க்குக்குப் படியெடுக்க வேண்டும். லினக்ஸில் உள்ள 'டிடிரெஸ்க்யூ' இதற்கென்றே எழுதப்பட்டது. படிக்க முடிகிற பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் அதையும் செய்யாதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, தரவு மீட்பை மட்டுமே தொழிலாகச் செய்பவரிடம் கொடுங்கள்.

அளவு சொல்வது

கோப்பின் மேல் வலது சொடுக்கு, 'ப்ராப்பர்டீஸ்'. அங்கே இரண்டு வரிகள் இருக்கும்: அளவு, டிஸ்க்கில் உள்ள அளவு.

அளவு 0 என்றால் உள்ளே எதுவும் இல்லை, பெயர் மட்டும்தான். எந்த மென்பொருளாலும் அதைத் 'திறக்க வைக்க' முடியாது. பழைய பதிப்பைத் தேட வேண்டும்.

சரியாக 162 பைட், பெயர் சுழிக்குறியும் டாலர் குறியுமாகத் தொடங்குகிறது என்றால் அது உங்கள் ஆவணமே அல்ல. வேர்டு ஒரு ஆவணத்தைத் திறந்து வைத்திருக்கும்போது, யார் திறந்திருக்கிறார்கள் என்று குறித்துவைக்கும் தற்காலிகச் சீட்டு அது. எக்ஸெலுக்கு அது 165 பைட். மறைந்த கோப்புகளைக் காட்டச் சொன்ன பிறகு பென்டிரைவில் இவற்றைப் பார்த்து, 'என் ஃபைல் கெட்டுவிட்டது' என்று பதறுகிறவர்கள் நிறைய. உண்மையான ஆவணம் பக்கத்திலேயே இருக்கும்.

சில நூறு பைட் மட்டுமே உள்ள 'ஜிடாக்', 'ஜிஷீட்' கோப்புகள் இன்னொரு பொறி. கூகுள் டிரைவ் அடைவிலிருந்து இவற்றை பென்டிரைவுக்கு நகலெடுத்தால் எடுத்துச் செல்வது ஆவணத்தை அல்ல, ஆவணம் இருக்கும் முகவரியை மட்டுமே. அந்தக் கணக்கை மூடிவிட்டால் உள்ளடக்கமும் போய்விடும். கூகுள் டாக்ஸுக்குள் போய் 'டவுன்லோட்' கொடுத்து வேர்டு வடிவிலோ பிடிஎஃப் வடிவிலோ இறக்கினால்தான் கையில் ஆவணம் இருக்கிறது என்று பொருள்.

அளவு சரியாக இருக்கிறது, ஆனால் டிஸ்க்கில் உள்ள அளவு 0 என்று காட்டுகிறதா? பெயருக்குப் பக்கத்தில் சின்ன மேகக் குறி இருக்கிறதா பாருங்கள். ஒன்டிரைவ் பெயரை மட்டும் கணினியில் காட்டிவிட்டு உள்ளடக்கத்தை மேகத்திலேயே வைத்திருக்கிறது. இணையம் இல்லாத இடத்தில் அது திறக்காது. இணையம் உள்ளபோது வலது சொடுக்கி, 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மிகச் சிறிய கோப்புகளில் வேறு காரணத்தாலும் இந்த வரி 0 காட்டும் என்பதால், மேகக் குறியையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

பிடிஎஃப் என்று இறக்கியது வெறும் 3 கேபி, 10 கேபி என்று இருந்தால் பெரும்பாலும் அது பிடிஎஃப் அல்ல. அரசுத் தளங்களிலும் வங்கித் தளங்களிலும் உள்நுழைந்து சற்று நேரம் சும்மா இருந்தால் உள்நுழைவு காலாவதியாகும். அதற்குப் பிறகு 'டவுன்லோட்' அழுத்தினால், தளம் அனுப்பும் 'மீண்டும் உள்நுழையவும்' என்ற வலைப்பக்கமே பிடிஎஃப் என்ற பெயரில் சேமிக்கப்பட்டுவிடும். மறுபடி உள்நுழைந்து உடனே இறக்குவதுதான் வழி.

தலை

அளவு நியாயமாக இருந்தால் அடுத்தது முதல் பைட்டுகள். அதற்கு முன், விண்டோஸ் 11-இல் 'வியூ', 'ஷோ', 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்று போய் பெயரின் பின்னொட்டை, அதாவது கடைசிப் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகளை, தெரிய வையுங்கள். விண்டோஸ் இதை மறைத்தே தருகிறது. புகைப்படம் போலப் பெயர் வைத்துக்கொண்டு கடைசியில் 'இஎக்ஸ்இ' என்று ஒளிந்திருக்கும் நச்சு நிரல்களுக்கு அந்த மறைப்பு பெரிய உதவி.

பைட்டுகளைப் பார்க்க 'எச்எக்ஸ்டி' என்ற இலவச மென்பொருள் போதும். நகலை அதில் திறந்தால் இடப்புறம் பதினாறடிமான எண்கள் (0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும் கொண்டு எழுதுபவை), வலப்புறம் அவற்றுக்கான எழுத்துகள். நோட்பேடில் திறந்தாலும் முதல் வரி கண்ணுக்குத் தெரியும். ஆனால் நோட்பேடில் சேமித்துவிட்டால் கோப்பு பாழ், எனவே அதை நகலில் மட்டுமே செய்யுங்கள். லினக்ஸிலும் மேக்கிலும் 'ஃபைல்' என்ற கட்டளையே வகையைச் சொல்லிவிடும்.

பிடிஎஃப் என்றால் சதவீதக் குறியும் பி, டி, எஃப் என்ற எழுத்துகளும் தொடக்கத்திலேயே இருக்கும். ஜேபெக் படம் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்ற மூன்று பைட்டுகளோடு தொடங்கும். பிஎன்ஜி படத்தில் இரண்டாம் பைட்டிலிருந்து பி, என், ஜி என்றே படிக்கலாம். எம்பி4 காணொளியில் ஐந்தாம் பைட்டிலிருந்து எஃப், டி, ஒய், பி என்ற எழுத்துகள். 2007-க்கு முந்தைய பழைய வேர்டு, எக்ஸெல் கோப்புகள் டி0, சிஎஃப், 11, இ0 என்று தொடங்கும். ஆபீஸ் 2007-இல் வந்த புதிய வடிவங்களான டாக்எக்ஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ், பிபிடிஎக்ஸ் எல்லாம் பி, கே என்ற இரண்டு எழுத்துகளோடு தொடங்கும். பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டும் ஜிப் வடிவத்தை 1989-இல் கொண்டுவந்த ஃபில் காட்ஸின் பெயரெழுத்துகள் அவை. புதிய வேர்டு ஆவணம் என்பது பெயர் மாற்றி வைத்த ஜிப் பொட்டலம்தான். கீழே சொல்லப்போகும் மீட்பு வேலைகளில் பாதி இந்த ஒரே உண்மையை நம்பித்தான் நடக்கிறது.

தலையில் இருப்பதும் பின்னொட்டும் ஒத்துப்போகவில்லை என்றால் வேலை சுலபம்: பின்னொட்டைத் தலைக்கேற்ப மாற்றினால் திறந்துவிடும். வாட்ஸ்அப் வழியே வந்து 'டாக்' என்று தொடங்கித் தேதியோடு, கடைசியில் வெறும் புள்ளியோடு முடியும் கோப்புகளுக்கு இதுதான் நிவாரணம். பல அலுவலகச் செயலிகள் வலைப்பக்க அட்டவணையையே எக்ஸெல் என்று பெயரிட்டுத் தருகின்றன. வடிவமும் பின்னொட்டும் பொருந்தவில்லை என்று எக்ஸெல் எச்சரித்தாலும், கோப்பு நம்பிக்கையான இடத்திலிருந்து வந்திருந்தால் 'எஸ்' கொடுத்துத் திறந்து, உண்மையான எக்ஸெல் வடிவில் மறுபடி சேமித்துக்கொள்ளலாம்.

ஐபோன் படங்கள் தனி வகை. 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் அவை ஹெய்க் வடிவில் சேமிக்கப்படுகின்றன. விண்டோஸில் திறக்க மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து 'ஹெய்ஃப்' நீட்சியும் அதோடு 'எச்இவிசி' நீட்சியும் வேண்டியிருக்கும். அடிக்கடி படம் அனுப்புகிறவர், போனின் கேமரா அமைப்பில் 'ஃபார்மட்ஸ்' என்பதை 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்று மாற்றிவிட்டால் இனி எடுக்கும் படங்கள் ஜேபெக்காகவே வரும்.

இனி மோசமான இரண்டு தலைகள். முதலிலிருந்து கடைசிவரை 00, 00, 00 என்றே இருந்தால், மின்சாரம் திடீரென்று போனதன் விளைவாக இருக்க வாய்ப்பு அதிகம். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் அமைப்பு கோப்பின் பெயர், அளவு போன்ற குறிப்புகளைப் பதிவேட்டில் பத்திரப்படுத்தும். உள்ளடக்கத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. சேமி என்று அழுத்தியதும் உள்ளடக்கம் நினைவகத்தில் கொஞ்ச நேரம் காத்திருக்கும். அந்த இடைவெளியில் மின்சாரம் போனால் அளவு சரியாக இருக்கும், உள்ளே சுழியங்கள் மட்டும் இருக்கும். யுபிஎஸ் இல்லாத டிடிபி கடைகளிலும் அலுவலகங்களிலும் இது நடந்துகொண்டே இருக்கிறது. இதைச் சரிசெய்து தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். சுழியங்களுக்குள் மீட்க எதுவுமில்லை. வேர்டில் 'ஃபைல்', 'இன்ஃபோ', 'மேனேஜ் டாக்குமென்ட்', 'ரிகவர் அன்சேவ்டு டாக்குமென்ட்ஸ்' என்று போய்ப் பாருங்கள். 'ஏஎஸ்டி' என்று முடியும் தானியங்கிச் சேமிப்புக் கோப்புகளைத் தேடுங்கள். ஒன்டிரைவிலோ கூகுள் டிரைவிலோ இருந்த கோப்பு என்றால் பழைய பதிப்புகளின் பட்டியல் இருக்கும். கூகுள் டிரைவ் சாதாரணக் கோப்புகளின் பழைய பதிப்புகளை 30 நாள்தான் வைத்திருக்கும் என்பதால் தள்ளிப்போட வேண்டாம்.

பேரம் பேசி வாங்கிய 2 டிபி பென்டிரைவில் கோப்புகள் வரிசையாக இருந்தும் எதுவுமே திறக்கவில்லை என்றால், பென்டிரைவே போலியாக இருக்கலாம். உள்ளே இருப்பது 16 அல்லது 32 ஜிபி சில்லுதான்; 2 டிபி என்று கணினியிடம் பொய் சொல்லும்படி அமைத்திருப்பார்கள். உண்மைக் கொள்ளளவைத் தாண்டி எழுதியவை எங்கும் பதியவில்லை. விண்டோஸில் 'எச்2டெஸ்ட்டபிள்யூ', லினக்ஸில் 'எஃப்3' ஆகியவை டிரைவ் முழுவதும் எழுதி, மறுபடி படித்து இதை அம்பலப்படுத்திவிடும். வாங்கிய அன்றே, காலியாக இருக்கும்போதே சோதித்துவிடுங்கள்.

இன்னொரு மோசமான தலை, முதல் பைட்டிலிருந்தே எந்த ஒழுங்கும் இல்லாத இரைச்சல். எல்லாக் கோப்புகளுக்கும் புதிதாக ஒரே பின்னொட்டு ஒட்டியிருந்து, ஒவ்வொரு அடைவிலும் பணம் கேட்கும் கடிதம் இருந்தால் அது கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் பறிக்கும் பணயத் தாக்குதல் (ரான்சம்வேர்). இணையக் கம்பியைப் பிடுங்குங்கள், வெளி டிஸ்க்குகளைக் கழற்றுங்கள். கடிதத்தை அழிக்காதீர்கள், எந்த வகை என்று கண்டுபிடிக்க அதுதான் தடயம். நெதர்லாந்து காவல்துறை, யூரோபோல் முதலியோர் சேர்ந்து 2016-இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் ஒரு மாதிரிக் கோப்பையும் கடிதத்தையும் கொடுத்தால், திறவுகோல் வெளிவந்த வகையா என்று சொல்லும். வெளிவராத வகை என்றால் கோப்புகளை அப்படியே ஒரு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். சில வகைகளுக்குப் பின்னாளில் திறவுகோல் கிடைத்திருக்கிறது.

வால்

தலை சரியாக இருந்தும் திறக்கவில்லை என்றால் வாலுக்குப் போங்கள். இதைத்தான் பலரும் பார்ப்பதே இல்லை. ஜிப், பிடிஎஃப், பெரும்பாலான எம்பி4 ஆகிய மூன்றிலும் எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணை கோப்பின் கடைசியில் இருக்கிறது. எழுதி முடித்த பிறகுதான் எது எந்த இடத்தில் விழுந்தது என்று தெரியும் என்பதால் அப்படி அமைந்தது. விளைவு கொடுமையானது: 100 எம்பியில் 99 எம்பி பத்திரமாக இறங்கியிருந்தாலும், கடைசித் துண்டு இல்லையென்றால் மென்பொருள் 'ஒன்றுமே இல்லை' என்று கைவிரித்துவிடும். கைவிரிப்பது மென்பொருள்தான். உள்ளடக்கம் அங்கேயே இருக்கிறது.

டாக்எக்ஸிலிருந்து தொடங்குவோம். முதல் முயற்சி வேர்டுக்குள்ளேயே: 'ஃபைல்', 'ஓபன்', 'பிரவுஸ்' என்று போய்க் கோப்பை ஒருமுறை மட்டும் சொடுக்கித் தேர்ந்தெடுத்து, 'ஓபன்' பொத்தானின் பக்கத்தில் உள்ள சிறு அம்பை அழுத்தினால் 'ஓபன் அண்ட் ரிப்பேர்' வரும். இரண்டாம் முயற்சி லிப்ரெஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருள். வேர்டின் நிரலுக்கும் அதற்கும் தொடர்பில்லை, தனியாக எழுதப்பட்ட படிப்பான். வேர்டு மறுக்கும் பல கோப்புகளை அது பேசாமல் திறந்துவிடும். என்னைக் கேட்டால், எந்தக் கட்டண மென்பொருளுக்கும் முன் இதைச் செய்யாதவர் பணத்தை வீணாக்குகிறார்.

இரண்டும் தோற்றால் நகலின் பின்னொட்டை ஜிப் என்று மாற்றி, பொட்டலம் பிரிக்கும் மென்பொருளான 7-ஜிப்பில் திறந்து பாருங்கள். வால் அறுந்த பொட்டலத்தைக்கூட 7-ஜிப் பல வேளைகளில் திறந்து, 'எதிர்பாராத முடிவு' என்று எச்சரித்துவிட்டு, எடுக்க முடிந்ததை எடுத்துத் தரும். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு 'ஜிப்' கட்டளையிலேயே பெரிய எஃப் இரண்டு முறை கொடுத்து, தலைப்புகளை வைத்து அட்டவணையைப் புதிதாகக் கட்டும் வசதி உண்டு. உள்ளே 'வேர்டு' என்ற அடைவில் 'டாக்குமென்ட்.எக்ஸ்எம்எல்' இருக்கும். எக்ஸ்எம்எல் என்பது திறப்பு, மூடல் குறிகளுக்குள் உரையை எழுதும் முறை. ஆவணத்தின் உரை முழுக்க அதில்தான். 'மீடியா' அடைவில் படங்கள் அசல் தரத்திலேயே இருக்கும். வேர்டு எழுதும் வரிசையில் உரை பெரும்பாலும் முன்பகுதியிலும் படங்கள் அதற்குப் பின்னும் வருவதால், பாதி இறங்கிய ஆய்வேட்டிலிருந்துகூட எழுத்து முழுசாகக் கிடைக்க வாய்ப்பிருக்கிறது.

எக்ஸெலில் நிலைமை சற்றுக் கடினம். ஒவ்வொரு தாளும் 'வொர்க்‌ஷீட்ஸ்' அடைவில் தனி எக்ஸ்எம்எல்லாக இருக்கும். ஆனால் கட்டங்களில் நாம் தட்டிய எழுத்துகள் அங்கே இருக்காது. 'ஷேர்டுஸ்ட்ரிங்ஸ்' என்ற ஒரே கோப்பில் மொத்தமாகச் சேர்த்துவைத்து, தாளில் அதன் வரிசை எண்ணை மட்டும் எழுதியிருக்கும். அந்தக் கோப்பு போய்விட்டால் எண்கள் மிஞ்சும், பெயர்கள் மிஞ்சாது. எண்கள் மிஞ்சினாலே போதும் என்ற கணக்குகளுக்கு அதுவும் பெரிய உதவிதான்.

பொட்டலம் முழுதாக இருந்தும், 'வரி 2, நிரல் 4521' என்பது போல இடத்தைச் சொல்லி வேர்டு மறுத்தால், எக்ஸ்எம்எல்லில் ஏதோ ஒரு குறி தவறான இடத்தில் மூடப்பட்டிருக்கிறது. 'டாக்குமென்ட்.எக்ஸ்எம்எல்'லை மட்டும் வெளியே எடுத்து நோட்பேட்++-இல் அந்த நிரலுக்குப் போய், வரிசை மாறிய மூடல் குறியைச் சரிசெய்து, 7-ஜிப் சாளரத்திலேயே அதே இடத்தில் இழுத்துப் போடுங்கள். முழுவதையும் வெளியே எடுத்து மறுபடி பொட்டலம் கட்டுகிறவர்கள் வெளி அடைவையும் சேர்த்துக் கட்டிவிடுவார்கள்; அப்போது எல்லாம் ஒரு படி உள்ளே போய்விடுவதால் வேர்டுக்குத் தேடியது கிடைக்காது.

பிடிஎஃப்பின் வாலில் இரண்டு சதவீதக் குறிகளும் இ, ஓ, எஃப் என்ற எழுத்துகளும் இருக்க வேண்டும். அதற்குச் சற்று மேலே ஒரு எண். பக்கங்களின் இருப்பிட அட்டவணை எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்பது அது. வால் இல்லாவிட்டாலும் எண் தவறாக இருந்தாலும், உள்ளே உள்ள பொருள்களை ஒவ்வொன்றாகத் தேடி அட்டவணையைப் புதிதாகக் கட்டிக்கொள்ளும் மென்பொருள்கள் உண்டு. சுமத்ராபிடிஎஃப் அதைக் கேட்காமலே செய்யும். அதில் திறந்துவிட்டால், 'மைக்ரோசாஃப்ட் பிரின்ட் டு பிடிஎஃப்' வழியே அச்சிட்டு நல்ல பிடிஎஃப் ஒன்றைப் பெறலாம். எழுத்தைத் தேடும் வசதி கெடாமல் வேண்டும் என்றால் 'க்யூபிடிஎஃப்' கட்டளை நல்லது.

காணொளியில் இழப்பு மனதை அறுக்கும், ஏனென்றால் கல்யாணத்தை மறுபடி படம்பிடிக்க முடியாது. கேமராவின் பேட்டரி தீர்ந்தோ கார்டை அவசரமாகப் பிடுங்கியோ பதிவு நின்றால், படமும் ஒலியும் 'எம்டாட்' என்ற பெட்டியில் ஜிபி கணக்கில் கிடக்கும். அவற்றைப் பிரித்துப் படிக்கும் அட்டவணையான 'மூவ்' எழுதப்படாமல் போயிருக்கும். முதலில் கார்டை அதே கேமராவில், முழுச் சார்ஜ் உள்ள பேட்டரியோடு மறுபடி போட்டுப் பாருங்கள். முடிக்காத பதிவைத் தானே கண்டுபிடித்துச் சீராக்கும் கேமராக்கள் பல. 'ஃபார்மட் செய்யவா' என்று கேட்டால் மட்டும் மறுத்துவிடுங்கள். அது பலிக்கவில்லை என்றால் 'அன்ட்ரங்க்' என்ற இலவச நிரல் இருக்கிறது. அதற்குக் கெட்ட கோப்போடு, அதே கேமராவில், அதே தெளிவு, அதே வேக அமைப்பில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றும் வேண்டும். நல்லதன் அட்டவணையைப் பார்த்துக் கெட்டதற்கு அட்டவணை எழுதும். அமைப்பு மாறினால் பலிக்காது. கணினித் திரையை ஓபிஎஸ்ஸில் பதிவுசெய்கிறவர்கள் எம்பி4-க்குப் பதில் எம்கேவியில் பதிவுசெய்து, முடிந்தபின் 'ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ்' மூலம் எம்பி4 ஆக்கிக்கொண்டால், இடையில் கணினி நின்றாலும் அதுவரை பதிந்தது பிழைத்திருக்கும்.

ஜேபெக் மட்டும் தலைகீழ். அதன் அட்டவணைகள் தலையிலேயே இருப்பதால் வால் அறுந்தாலும் மேல்பாதி தெரியும், கீழே சாம்பல் நிறம். போன பாதி திரும்பாது. கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் 'ரா' கோப்பு கெட்டிருந்தால் நம்பிக்கை சற்று அதிகம்: பல கேமராக்கள் அதற்குள்ளேயே ஒரு ஜேபெக் முன்னோட்டத்தைப் பதித்துவைக்கின்றன, 'எக்ஸிஃப்டூல்' அதைப் பிரித்துத் தரும்.

கெடாத கோப்பு, பூட்டிய கதவு

தலையும் வாலும் சரி, கோப்பும் நன்றாக இருக்கிறது, ஆனால் திறக்கவில்லை என்றால் தடை வெளியே இருக்கிறது. இணையத்திலிருந்தோ மின்னஞ்சலிலிருந்தோ வந்த கோப்பில் விண்டோஸ் கண்ணுக்குத் தெரியாத ஒரு முத்திரை குத்தும். வலது சொடுக்கி 'ப்ராப்பர்டீஸ்' போனால் கீழே 'அன்பிளாக்' என்ற கட்டம் இருக்கும். அனுப்பியவரை நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் அதைத் தேர்ந்தெடுங்கள். பாதை நீளமும் ஒரு காரணம்: விண்டோஸில் டிரைவ் எழுத்திலிருந்து கோப்புப் பெயர்வரை 260 எழுத்து என்பது பழைய எல்லை, எக்ஸெலுக்கு அது 218. அடைவுக்குள் அடைவாக வைத்திருப்பவர்கள் கோப்பை டெஸ்க்டாப்புக்கு நகர்த்தித் திறந்து பார்க்கலாம். லினக்ஸிலும் அதில் ஓடும் பல சேமிப்புப் பெட்டிகளிலும் கோப்புப் பெயருக்கு 255 பைட்தான் எல்லை. தமிழில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட்; 'கோப்பு' என்ற சொல்லே 18 பைட். நீளமான தமிழ்ப் பெயருள்ள கோப்புகள் விண்டோஸிலிருந்து அங்கே நகலாகாமல் நிற்பதற்குக் காரணம் இதுவே.

மின்-ஆதார் பிடிஎஃப்பின் கடவுச்சொல்லில் தடுமாறுகிறவர்களைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும், ஏனென்றால் விதி எளிது. ஆதாரில் உள்ளபடி ஆங்கிலப் பெயரின் முதல் நான்கு எழுத்து, பெரிய எழுத்தில். அதோடு பிறந்த ஆண்டு. தலைப்பெழுத்தை முன்னால் வைக்கும் நம் வழக்கம்தான் குழப்பத்துக்குக் காரணம். பி.குமார் என்று புள்ளியோடு பதிவாகியிருந்தால் அந்தப் புள்ளியும் ஓர் எழுத்தாகவே கணக்கு: பி, புள்ளி, கே, யு, பிறகு ஆண்டு. பெயருக்குள் இடைவெளி இருந்தால் அதை விட்டுவிட வேண்டும்.

கனடாவின் குடிவரவுப் படிவங்கள் சிலவற்றைத் திறந்தால் 'ப்ளீஸ் வெயிட்' என்று ஒரே ஒரு பக்கம் மட்டும் தெரியும். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் மாறாது. அது 'எக்ஸ்எஃப்ஏ' என்ற படிவ வகை. குரோமும் போனும் அதைப் படிக்கமாட்டா. கணினியில் இறக்கிச் சேமித்து அடோபி ரீடரில் திறக்க வேண்டும்.

திறக்கிறது, ஆனால் தமிழ் இல்லை

அட்டவணையை வெறும் உரையாக, காற்புள்ளியால் பிரித்து வைக்கும் சிஎஸ்வி கோப்பை எக்ஸெலில் இரட்டைச் சொடுக்கினால் தமிழ் இருந்த இடமெல்லாம் தலையில் கோடிட்ட லத்தீன் எழுத்துகளும் வட்டத்துக்குள் ஆர் குறியுமாகத் தெரிகிறதா? கோப்பு கெடவில்லை. யூனிகோடு எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ் எழுத்துக்குரிய மூன்று பைட்டுகளை எக்ஸெல் மூன்று ஐரோப்பிய எழுத்துகளாகப் படித்திருக்கிறது. சேமிக்காமல் மூடுங்கள். வெற்றுத் தாள் ஒன்றைத் திறந்து 'டேட்டா', 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' வழியே கோப்பைத் தேர்ந்தெடுத்து, 'ஃபைல் ஆரிஜின்' என்ற இடத்தில் 65001 யூடிஎஃப்-8 என்று மாற்றினால் தமிழ் வந்துவிடும். திரும்பச் சேமிக்கும்போது 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். சாதாரண சிஎஸ்வி என்று சேமித்தால் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் கேள்விக்குறியாகிவிடும். அந்தக் கேள்விக்குறிகளிலிருந்து தமிழை எவராலும் திரும்ப எடுக்க முடியாது.

இதைவிடப் பெரிய குவியல் பாமினி, வானவில், ஸ்ரீலிபி காலத்துக் கோப்புகள். அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகள் இருக்க வேண்டிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தன. தமிழ்நாடு அரசு 1999-இல் டேம், டேப் குறியீடுகளைத் தரமாக்கியது, 2010-இல் யூனிகோடுக்கு மாறியது. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் தட்டச்சான ஆவணங்கள் எந்தெந்த எழுத்துருவிலோ கிடக்கின்றன. திறந்ததும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிந்தால், எந்த எழுத்துரு என்று முதலில் பாருங்கள்: வேர்டில் அந்த வரியைத் தேர்ந்தெடுத்தால் எழுத்துருப் பெட்டியில் பெயர் இருக்கும். அந்தப் பெயரை ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். 'எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து லதா எழுத்துருவாக மாற்றிப் பார்ப்போம்' என்று மாற்றிச் சேமித்தால் அந்த ஒரே தடயமும் அழிந்துவிடும். எழுத்துருவை நிறுவினால் படிக்க முடியும். நிலையாக வேண்டும் என்றால் என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற கருவியில் உரிய குறியீட்டைத் தேர்ந்தெடுத்து யூனிகோடாக மாற்றுங்கள். இடையிடையே உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவையும் தமிழாக மாறிக் குழம்பும் என்பதால், ஆங்கிலப் பகுதிகளை முன்னதாகவே பிரித்து வைப்பது நல்லது.

அச்சகங்களில் மிஞ்சியிருக்கும், பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரின் கோப்புகளுக்கு இரண்டு வழி உண்டு. இன்டிசைன் சிஎஸ்6 அல்லது அதற்கு முந்தைய பதிப்பு, பேஜ்மேக்கர் 6.0 முதல் 7.0 வரையிலான கோப்புகளைத் திறக்கும்; அதன் பிறகு வந்த சிசி பதிப்புகளில் அந்த வசதி இல்லை. லிப்ரெஆபீஸ் 4.4 முதல் பேஜ்மேக்கர் கோப்புகளைப் படிக்கிறது. பக்க அமைப்பு கொஞ்சம் சிதறும், உரை கிடைக்கும். திறக்கும் கணினியில் அந்தத் தமிழ் எழுத்துருக்களை முன்பே நிறுவியிருந்தால்தான் வந்தது சரியா என்று கண்ணால் ஒப்பிட முடியும்.

பழைய எழுத்துருவில் அமைத்த பிடிஎஃப் திரையில் அழகாகத் தெரியும், நகலெடுத்து ஒட்டினால் குப்பையாக வரும். எழுத்துரு உள்ளேயே பதிந்திருந்தால், ஒட்டிய குப்பையையே மாற்றியில் கொடுத்துப் பாருங்கள். பாமினி என்றால் பெரும்பாலும் தமிழாகிவிடும். யூனிகோடு பிடிஎஃப்பிலோ கொம்பும் காலும் இடம் மாறி ஒட்டும், ஏனெனில் பிடிஎஃப் வைத்திருப்பது திரையில் வரைந்த வரிசையை. அதை வரிவரியாகத் திருத்துவதைவிட, பக்கங்களைப் படமாக்கி, படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் டெசராக்ட் மென்பொருளில் தமிழைத் தேர்ந்தெடுத்து ஓட விடுவதோ, கூகுள் டிரைவில் ஏற்றி 'ஓபன் வித் கூகுள் டாக்ஸ்' கொடுப்பதோ வேகமாக முடியும். ஆதார், பத்திரம், வங்கிக் கணக்கு போன்றவை என்றால் இணையத்தில் ஏற்றாமல், டெசராக்டைச் சொந்தக் கணினியிலேயே ஓட்டுங்கள்.